இட்லிக்கும் ஊசி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதில் நான் ஒரு டாக்டரிடம் கத்துகிறேன், ஒரு சூப்பர்வைசரிடம் கத்துகிறேன், பெற்ற தாயிடம் ஃபோனில் கத்துகிறேன். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் சூப்பர்வைசரிடம் கத்தியது மட்டும்தான் நியாயம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று. எனக்கு இருபது வயது. ஒரகடத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிரெய்னி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மண்ணூரில் ஒரு மாடி அறையில் நானும் சிவகாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே லைன், ஒரே ஷிஃப்ட், ஒரே கம்பெனி பஸ். அவள் விழித்திருக்கும்போது வாய் மூட மாட்டாள். தூக்கத்திலும் பாதி நேரம் பேசுவாள்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆனபோது எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சும்மா தாகம் இல்லை. இரண்டு லிட்டர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு அடுத்த பாட்டிலைத் தேடுவேன். குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? லைனை விட்டுப் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ஒரு ரிலீவர் வரவேண்டும். என்னால் அந்த ரிலீவர் பெண் நிரந்தரமாக என் பக்கத்திலேயே நின்றாள். "நீ லைன்ல நிக்கிறதைவிட பாத்ரூம்ல நிக்கிறதுதான்டி ஜாஸ்தி. உனக்கு அங்கயே ஒரு பஞ்சிங் மெஷின் வைக்கச் சொல்லணும்" என்றாள் சிவகாசிக்காரி. அப்புறம் யூனிஃபார்ம் தொளதொளவென்று ஆனது. ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுகர் ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது.

ஐந்து நாள் படுக்கை. ஊரிலிருந்து அம்மா பஸ் பிடித்து வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன பாவம் செஞ்சோம்" என்று அவளும், "நான் அப்படி என்னத்தத் தின்னேன்" என்று நானும் டாக்டரம்மாவைக் கேட்டோம். "ஒண்ணும் பண்ணல, ஒண்ணும் தின்னல. உடம்பு இன்சுலின் செய்யறதை நிறுத்திடுச்சு. அதை நாம வெளியில இருந்து போடணும், அவ்வளவுதான்" என்றார் அவர். நாற்பது வயதிருக்கும். மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு வேகம், நடை வேகம், சிரிப்பும் வேகம்.

முதலில் காலையும் இரவும் போடும் கலவை ஊசி கொடுத்தார்கள். போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, அப்புறம் சாப்பிட வேண்டும். தினமும் அதே நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிஃப்ட் என்று உருளும் எங்கள் பிழைப்பில் அது நடக்கிற காரியமா? ஒரு மாதத்தில் சுகர் ஏணியில் ஏறி இறங்கியது.

கம்பெனி டாக்டர் என்று ஒருவர் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் முதலுதவி அறையில் உட்கார்ந்திருப்பார். நிதானமான மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்ப்பார். அவர் என் ரத்த ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னார்: "உன் மூணு மாச சராசரி சுகர் பதினொண்ணு பர்சென்டுக்கு மேல இருக்கு. எட்டுக்குக் கீழ வரணும். ஆறு மாசம் டைம் தரேன், டிரெய்னிங்கை நீட்டிக்கச் சொல்றேன். அதுக்குள்ள வரலைன்னா ஷிஃப்ட் வேலைக்கு ஃபிட் இல்லைன்னுதான் என்னால எழுத முடியும்."

ஃபிட் இல்லை என்று எழுதினால் கன்ஃபர்மேஷன் கிடையாது, வேலை நிரந்தரமாகாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அந்த டாக்டரு வேண்டாம்னுட்டாவன்னா மறு பேச்சு பேசாம வந்துரணும். சத்தியம் பண்ணு." பண்ணித் தொலைத்தேன். எனக்கு ஊருக்குத் திரும்புவதில் துளி இஷ்டமும் இல்லை. ஊரில் எனக்காகக் காத்திருந்தது அம்மா வேலைக்குப் போகும் அதே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஒரு சீட். இங்கே என் பெயர் போட்ட லாக்கர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் பஸ் ஏறித் தாம்பரம் போகலாம். அதை விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "உங்க கேன்டீன்ல எத்தனை நிமிஷம் பிரேக்?" என்று கேட்டார்.

"காலையில பதினஞ்சு, மத்தியானம் முப்பது."

"அப்ப அரை மணி நேரம் காத்திருக்கற ஊசி உனக்கு ஒத்து வராது." இரண்டு பேனாக்களை மேஜையில் வைத்தார். எழுதுகிற பேனா மாதிரியே இருக்கும், முனையில் மட்டும் மயிரிழை ஊசி. "இது நாள் முழுக்க மெதுவா வேலை செய்யும். தினம் ஒரே நேரத்துல ஒரு தடவை போட்டா போதும். அடுத்தது வேகமான இன்சுலின். போட்ட பத்து, பதினஞ்சு நிமிஷத்துல வேலையை ஆரம்பிச்சிடும். ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு மும்முரமா இருக்கும். நாலு மணி நேரத்துல ஆளைக் காணோம். சாப்பாட்டால ஏறற சுகரைப் பிடிக்கத்தான் இது. உனக்கு ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்கறதால நான் நேரம் எழுதல. எப்ப சாப்பாடோ அப்ப போடு. சாப்பாடு இல்லையா, போடாதே."

எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் கேட்டில் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பார். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது பஸ்களெல்லாம் மொத்தமாக வந்து முட்டும், அவரால் சமாளிக்க முடியாது. அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் விசிலோடு இன்னொருவர் வருவார், ஊதி ஊதிப் பஸ்களை உள்ளே அனுப்பிவிட்டுப் போய்விடுவார். மெதுவான ஊசி செக்யூரிட்டி, வேகமான ஊசி விசில்காரர். இவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டவள்தான் அடுத்த இரண்டு மாதம் அந்தக் கூத்தை அடித்தேன்.

என்ன கூத்து என்பதற்கு ஒரு ஃபோன் பேச்சே போதும். சாயங்காலம் அம்மா கூப்பிடுவாள்.

"ஏளா, சாப்ட்டியா?"

"எங்கம்மா. பலகாரம்தான். நாலு தோசை."

"அதைப் போட்டியா?"

"எதை?"

"அதாம்ளா. அது."

"ஊசின்னு சொன்னா வாய் வெந்துருமா உனக்கு?" என்று கத்துவேன்.

"மெதுவா பேசு. பக்கத்துல ஆளுக நிக்காவ."

அம்மா அந்தச் சொல்லை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஊசி என்று ஊரில் தெரிந்துவிடக் கூடாதாம். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, "தோசைக்கு எதுக்கும்மா? சாப்பாட்டுக்குத்தான் போடணும்" என்பேன். "அதுவுஞ் சரிதான்" என்பாள் அம்மா. பரம்பரையாகப் பலகாரம் வேறு, சாப்பாடு வேறு என்று வாழ்ந்த இரண்டு பேர் பேசினால் வேறு எப்படி இருக்கும்?

சாப்பாடு என்றால் சோறு. தட்டில் குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக விழ வேண்டும். இட்லி டிபன். பொங்கலும் டிபன். ஆறு இட்லி தின்றாலும் "இன்னும் சாப்பிடல" என்றுதான் சொல்வோம். காலையில் கேன்டீன் இட்லிக்கு ஊசி கிடையாது. ராத்திரிக்குச் சப்பாத்தி. வீட்டுக்காரம்மா மண்ணூரிலேயே பிறந்தவர், என் ஸ்பேர் மருந்தைத் தம் வீட்டு ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டவர். அவர்தான் அடித்துச் சொன்னார்: "சுகருக்கு சப்பாத்திதாம்மா மருந்து. எங்க வூட்ல எல்லாம் அத்தத்தான் துண்றாங்க." சப்பாத்தியே மருந்து. மருந்துக்கு மேல் எதற்கு மருந்து? மத்தியானம் கேன்டீன் சோற்றுக்கு மட்டும் கடமை தவறாமல் கைகழுவும் இடத்தின் ஓரமாக நின்று, சட்டையை ஒரு விரல் அளவு தூக்கி, வயிற்றில் ஆறு யூனிட் போட்டுக்கொள்வேன்.

அங்கே பரிமாறும் அக்கா ஒருவர் வடக்குப்பட்டுக்காரர். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, பேனாவால வவுத்துல எழுதிக்கினு கீற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அடப் பாவமே" என்று ஒரு கரண்டி கூட்டு அதிகம் வைத்தார். அன்றிலிருந்து எனக்கு எப்போதும் ஒரு கரண்டி அதிகம்தான்.

இரண்டாவது மாதக் கடைசியில் டாக்டரம்மாவிடம் போனேன். சிவகாசிக்காரியும் கூட வந்தாள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்று சுகர் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார். முதலுதவி அறையில் பார்த்துப் பார்த்து, சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தேன். அதைப் புரட்டியவர் முகம் மாறியது.

"ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் எழுதியிருக்க. மீதி ரெண்டு வேளை எங்க?"

"மீதி ரெண்டு வேளை சாப்பாடு இல்ல டாக்டர்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரல் தணிந்துவிட்டது. "ஏம்மா? கேன்டீன்ல போடறதில்லையா? ரூம்ல சமைக்க முடியலையா? எங்கிட்டச் சொல்லு, கூச்சப்படாதே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கேன்டீன்ல போடுவாங்க டாக்டர்."

"அப்புறம் ஏன் பட்டினி கிடக்கற? ரெண்டு வேளை பட்டினி கிடக்கற பொண்ணுக்குச் சுகர் எப்படி முந்நூறு வரும்? நோட்டுல பொய் எழுதறியா, எங்கிட்டப் பொய் சொல்றியா?"

பொய் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் எதுக்கு டாக்டர் பட்டினி கிடக்கணும்? என் தலையெழுத்தா? காலையில ஆறு இட்லி, ஒரு வடை. ராத்திரி நாலு சப்பாத்தி. வேணும்னா இவளைக் கேளுங்க!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"பட்டினியா? இவளா?" என்று சிவகாசிக்காரி சிரித்தாள். "டாக்டர், என் தட்டுல இருக்குற வடையையும் சேத்துத் தின்னுருவா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆறு இட்லி சாப்பாடு இல்லையா?"

"இட்லி எப்படி டாக்டர் சாப்பாடு ஆகும்?" என்றேன். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு நிஜமாகவே பரிதாபமாக இருந்தது.

"இட்லியை எதுல செய்யறாங்க?"

"அரிசி, உளுந்து."

"அரிசியை வடிச்சா என்ன?"

"சோறு."

"அதையே அரைச்சு அவிச்சா?"

நான் வாயைத் திறந்தேன். திருதிருவென்று முழித்தேன். டாக்டரம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், டிபன் சாப்பாடா இல்லையா?" என்று கேட்டார். காஞ்சிபுரத்துக்கார நர்ஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டிபன் எப்படி மேடம் சாப்பாடாகும்?" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றார் டாக்டரம்மா. "சாப்பாடுன்னா என்னன்னு உன்னைக் கேட்டிருக்கணும். இத்தனை வருஷமா எத்தனை பேர் இட்லிக்குப் போடாம விட்டாங்களோ!" சீட்டை எடுத்து, கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினார்: வாயில் எது போனாலும் ஊசி. "தண்ணியும் மோரும் தவிர" என்று கீழே சேர்த்தார். சப்பாத்தியைப் பற்றியும் கேட்டு, அதுவும் சுகரை ஏற்றும் என்று சொன்னார். வீட்டுக்காரம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அந்த நிமிஷமே எனக்குக் கவலை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "இட்லியும் சாப்பாடுதானாம்மா. அதுக்கும் போடணுமாம்."

"கூறு கெட்ட டாக்டரா இருக்காவளே" என்றாள் அம்மா. "இட்லி சாப்பாடுன்னா அப்ப சோத்துக்கு என்ன பேரு?"

"அம்மா, இப்பவே ரெண்டு மாசம் போச்சு. இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. எனக்கு ஊருக்கு வரப் பிடிக்கல, புரியுதா? வரவே பிடிக்கல!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுகை வந்தது. அவளிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அப்புறம் மூன்று நாள் அவள் கூப்பிடவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி "சாப்ட்டியா?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன். என் உடம்புக்கு ஒரு இட்லிக்கு ஒரு யூனிட் என்று டாக்டரம்மா போட்டுக்கொடுத்தார். அது எனக்கு மட்டும் பொருந்தும் கணக்கு, மற்றவர்களுக்கு வேறு மாதிரி வரும் என்று இரண்டு தரம் சொன்னார். தோசைக்கு எவ்வளவு, ஒரு கரண்டிச் சோற்றுக்கு எவ்வளவு என்று சிவகாசிக்காரி நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தாள். அவள் எழுதியதில் பரோட்டா முதல் இடத்தில் இருந்தது, அது அவளுடைய ஆசை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரியும் சுண்டலும் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார்கள். நான் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "பொரியும் அரிசிதானே டாக்டர்?" "தேறிட்டே!" என்று அவர் அந்தப் பக்கம் கைதட்டியது கேட்டது.

சுகர் இறங்கியது. தாகம் போனது. யூனிஃபார்ம் மறுபடி பொருந்தியது. ரிலீவர் பெண் என்னைப் பார்த்து, "என்னை மறந்துட்டியா?" என்று கேட்கிற அளவுக்கு லைனிலேயே நின்றேன்.

தலைக்கனம் வந்தது அப்போதுதான். காலை பிரேக் பதினைந்து நிமிஷம், அதில் பத்து நிமிஷம் வரிசையில் போகும். வரிசையில் நிற்கும்போதே ஊசியைப் போட்டுவிட்டால் தட்டு வந்ததும் நேராகச் சாப்பிடலாமே என்று ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. "தட்டைக் கண்ணால பார்த்துட்டுப் போடு" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தினமும் வருகிற தட்டுதானே, இன்றைக்கு வராமலா போகும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் அது வரவில்லை. நல்ல மழை. எங்கள் கேன்டீனுக்குச் சாப்பாடு வெளியே சமைத்து வேனில் வரும். ரோட்டில் தண்ணீர் நின்று, கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே மாட்டி, வேன் அதற்குப் பின்னால் நின்றுவிட்டது. நான் ஆறு யூனிட்டைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறேன், கவுண்டரில் வெறும் பாத்திரம்.

"வண்டி வந்துக்கினே கீது கண்ணு, அஞ்சு நிமிட்டு" என்றார் வடக்குப்பட்டு அக்கா.

ஐந்து பத்தானது. மணி அடித்தது. எல்லோரும் லைனுக்குப் போங்கள், வேன் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டேன், எனக்கு உடனே ஏதாவது வேண்டும் என்று ஒரு வார்த்தை. சொன்னால் ரிப்போர்ட் போகும், ரிப்போர்ட் கம்பெனி டாக்டருக்குப் போகும், ஒரு மாதத்தில் அவர் கையெழுத்து. வாயை மூடிக்கொண்டு லைனில் போய் நின்றேன். சுகர் ரொம்ப இறங்கினால் தின்னச் சொல்லி டாக்டரம்மா கொடுத்திருந்த குளுக்கோஸ் லாக்கரில் இருந்தது. லைனுக்குத் தின்பண்டம் எதுவும் கொண்டுவரக் கூடாது.

வேகமான இன்சுலின் என்று அதற்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்? பஸ்ஸே வராத கேட்டில் விசில்காரர் ஊதிக்கொண்டே இருந்தார். சாப்பாடு வராததால் ரத்தத்தில் இருந்த சுகரும் மடமடவென்று இறங்கியது. கை நடுங்க ஆரம்பித்தது. ஏ.சி. காற்றில் வேர்த்துக் கொட்டியது. கையில் இருந்த ஒயர் சிவப்பா பழுப்பா என்று தெரியவில்லை. எதிரே நின்ற சிவகாசிக்காரி என் முகத்தைப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை, கேன்டீனுக்கு ஓடினாள். அவள் பேசாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

அக்கா ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். வழியில் சூப்பர்வைசர் மறித்தார். நல்ல மனிதர்தான், பயந்துவிட்டார்.

"என்ன அது? சர்க்கரைத் தண்ணியா? அந்தப் பொண்ணு சுகர் பேஷன்ட்! கொல்லப் பாக்குறீங்களா?"

டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். ஸ்டூலில் சரிந்திருந்த எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "சார்! அதைக் குடுங்க சார்! இப்ப குடுக்கலைன்னாத்தான் செத்துருவேன்!" என்று லைனே நிற்கும்படி கத்தினேன்.

"நவுரு சார்" என்று அக்கா அவரைத் தோளால் இடித்துத் தள்ளி, டம்ளரை வாங்கி என் வாயில் வைத்தார். பாதி வாயில், பாதி யூனிஃபார்மில். கால் மணி நேரத்தில் உயிர் வந்தது. அப்போதுதான் வேனும் வந்தது. அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டு ஆறு இட்லியையும் தின்ன வைத்தார். "இன்னொரு தபா தட்டு வராம எழுதிக்கினே, அந்தப் பேனாவப் புடுங்கிப்பேன்" என்றார். அப்புறம் என் யூனிஃபார்மில் சிந்தியதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதினார். எழுதத்தானே வேண்டும்.

ஆறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி டாக்டர் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு காகிதம். ஒன்றில் என் மூன்று மாத சராசரி, ஏழு புள்ளி ஆறு. இன்னொன்று மயங்கி விழப்பார்த்தாள் என்ற ரிப்போர்ட். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கு. இதுக்கு என்ன சொல்ற?"

கோபம் வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. "அது என் தப்பு சார். தட்டு வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டேன். போட்டுட்டேன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம்."

"இனிமே?"

"தட்டு கைக்கு வந்தாத்தான் ஊசி. ஆனா சார், குளுக்கோஸ் லாக்கர்ல இருந்தா எனக்கு என்ன பிரயோஜனம்? லைன்ல என் பாக்கெட்ல இருக்கணும். அதுக்கு நீங்கதான் எழுதித் தரணும்."

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேலையே ஊசலாடும்போது பேரம் பேசுகிறேனே என்று. அவர் இரண்டு கையெழுத்துப் போட்டார். ஒன்று ஃபிட் என்பதற்கு. இன்னொன்று, பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு. "சூப்பர்வைசர்கிட்டயும் நான் பேசறேன். சர்க்கரைத் தண்ணி எப்பக் குடுக்கணும்னு எல்லா லைனுக்கும் சொல்லித் தரணும் போலிருக்கு" என்றார்.

அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். கரண்டியோடு கட்டிப்பிடித்துக்கொண்டார், முதுகெல்லாம் சாம்பார். சிவகாசிக்காரி பஸ் முழுவதற்கும் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா தோசை கொடுத்தார். அறையில் உட்கார்ந்து தின்றுவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். வேன் சத்தமும் இருபது பெண்கள் பேசும் சத்தமுமாக இரைச்சல்.

"என்னாச்சுளா?"

"ஃபிட்னு எழுதிட்டாரும்மா. கன்ஃபர்மேஷன் ஆயிரும். நான் இங்கயே இருக்கப் போறேன்."

வேன் மட்டும் இரைந்தது. நான் ஊருக்கு வருவேன் என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தாளோ என்று நினைத்தேன்.

"அம்மா? ஏதாவது சொல்லும்மா."

"சாப்ட்டியா?" என்றாள். குரல் கம்மியிருந்தது.

"சாப்ட்டேன்."

"இந்நேரத்துலயா? சோறா?"

"இல்லம்மா. ரெண்டு தோசை."

அம்மா, அந்த இரைச்சலுக்கு மேல், வேன் டிரைவருக்கே கேட்கும்படி கத்தினாள்:

"ஊசி போட்டியாளா?"

பின்னால் ஒரு பெண் குரல், "யாருக்குக்கா ஊசி?" என்று கேட்டது.

"எம் மவளுக்குத்தான். ஒரகடத்துல வேலை பாக்கால்லா, அவளுக்கு" என்றாள் அம்மா. "இட்லிக்கும் போடணும், தோசைக்கும் போடணும். அதுவும் சாப்பாடுதாம்ளா, தெரியாதா ஒனக்கு?"